பின்னலின் நிழல்

"கர்ப்பமா இருக்கீங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எக்ஸ்ரே அறையின் வாசலில், கையில் ஒரு தாளும் பேனாவுமாக நின்றிருந்தான் அவன். கேட்டது என்னவோ மணி என்ன என்று கேட்பதுபோல... தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"என்ன... என்ன கேட்டீங்க?"

"கர்ப்பமா இருக்கீங்களா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொன்னா டிக் அடிச்சிடுவேன்."

"நான் கன்னியாஸ்திரி ஆகப் போறவ! மடத்துல சேரத்தான் இந்தச் செக்கப்பே!"

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. காத்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமிக்கொண்டிருந்த பெரியவர் இருமலையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கண்கள்... பாதித் தூக்கத்தை இன்னும் மிச்சம் வைத்திருக்கும் கண்கள். அந்த இரண்டும் இப்போது மிரண்டு போய் அவளைப் பார்த்தன.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். எக்ஸ்ரேக்கு வர்ற பெண்கள் எல்லார்கிட்டயும் கேட்டே ஆகணும். போன வாரம் எழுபது வயசு அம்மாகிட்டகூடக் கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"'உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் ராசா'ன்னாங்க."

சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. "நான் இன்னும் சிஸ்டர் ஆகல. டீச்சர்தான். பாலர் பள்ளியில."

"அதான பார்த்தேன்! அந்தக் குரலுக்கு நாப்பது குழந்தைங்க அடங்கும்."

உள்ளே குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னான். தோள்களை முன்னால் தள்ளச் சொன்னான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான். இயந்திரம் ஒருமுறை உறுமியது... அவ்வளவுதான். இரண்டே நிமிடம். ஆனால் பள்ளிக்குத் திரும்பும் பேருந்தில், 'உன் வாய் முகூர்த்தம்' என்று நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மாலை பரிசோதனை நிலையத்திலிருந்து போன். அவன்தான்.

"டீச்சர்... பயப்படாதீங்க. டாக்டர் உங்க ஃபிலிம் பார்த்தாரு. வலது பக்கம் மேல ஒரு நிழல் மாதிரி தெரியுதாம். இன்னொரு தடவை எடுக்கணும். மெஷின் இன்னிக்கு சர்வீஸ்ல இருக்கு... வெள்ளிக்கிழமை வரீங்களா?"

போனை வைத்தாள். நிழலா? நெஞ்சிலா? மூன்று வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கும் இப்படித்தானே ஒரு போனில் ஆரம்பித்தது...

அப்புறம்தான் அது வந்தது. பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி, சத்தமே இல்லாமல்... ஒரு நிம்மதி.

'அப்போ அடுத்த மாசம் மடத்துக்குப் போக வேண்டாம்.'

திடுக்கிட்டுப் போனாள். யார் நினைத்தது இது? நானா?

இதற்காகவா அப்பாவோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றாள்? "ஒரே பொண்ணு, உன்னையும் அனுப்பிட்டு நான் சுவத்தோட பேசவா?" என்று கத்தினார் அப்பா. அவளும் பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், மாதக்கணக்கில் மௌனம். கடைசியில் அப்பாதான் இறங்கிவந்தார். இறங்கிவந்தவர் ஒரேயடியாக இறங்கிவிட்டார்! அவள் மடத்துக்குக் கொண்டுபோக, தன் மெக்கானிக் ஷெட்டிலேயே ஒரு தகரப்பெட்டியை அடித்து நிமிர்த்தி, காருக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டை அடித்து, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், "எம்பொண்ணு மடத்துக்குப் போறா... எல்லாருக்கும் கிடைக்குமா இது?" என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது போய் எந்த முகத்தோடு...?

வெள்ளிக்கிழமை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஃபிலிமை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தவன், பழையதையும் பக்கத்தில் மாட்டினான். நெற்றியில் 'பட்' என்று அடித்துக்கொண்டான்.

"நிழலே இல்ல டீச்சர். உங்க பின்னல்!"

"என்னது?"

"அன்னிக்கு உங்க பின்னல் தோள்மேல கிடந்திருக்கு. அடர்த்தியான முடின்னா ஃபிலிம்ல இப்படித்தான் விழும். தூக்கிக் கட்டச் சொல்லியிருக்கணும். அஞ்சு வருஷமா ஒருத்தர்கிட்டகூட மறந்ததில்ல..." குரல் தணிந்தது. "நீங்க கோபப்பட்டுச் சிரிச்சீங்களா... மறந்துட்டேன். மூணு நாளா உங்களப் பயப்பட வச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் சர்டிஃபிகேட் வாங்கிட்டு நீங்க தாராளமா மடத்துக்குப் போகலாம்."

அவள் சந்தோஷப்பட வேண்டும். அல்லவா?

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயய்யோ... நல்ல சேதிதானே சொன்னேன்!"

"அதான்... அதான் எனக்கும் புரியல."

குடை கொண்டுவரவில்லை அவள். தன் குடையைப் பிடித்தபடி பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தான். குடைக்குள் அவள், மழைக்குள் அவன். அவன் இமையில் ஒரு துளி, விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. இவளைப் போலவே.

"ஒண்ணு கேக்கலாமா? ஏன் மடம்?"

"எங்கம்மா கடைசி நாலு மாசம் சிஸ்டர்ஸ் நடத்துற ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க. அம்மாவ அவங்க குளிப்பாட்டுவாங்க, தலை வாருவாங்க... அம்மா போன அன்னிக்கு ராத்திரி அங்க இருந்த சிற்றாலயத்துல உக்காந்தேன். அப்படி ஒரு அமைதி. இங்கயே இருந்துடணும்னு தோணிச்சு. சாமி கூப்பிடறார்னு நினைச்சேன். இப்பவும் நினைக்கிறேன்... சில நேரம்."

"மத்த நேரம்?"

பேருந்து வந்துவிட்டது. ஏறியபின் திரும்பிப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றிருந்தான், குடையை மடக்கி வைத்துக்கொண்டு... மழையில்!

இது என்ன இது, கடவுளே!

சனிக்கிழமை காலை மடத்துக்கு ஓடினாள். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பொறுப்பான சிஸ்டர், தோட்டத்தில் கையெல்லாம் மண்ணாக நின்றிருந்தார். ஒன்றுவிடாமல் கேட்டார்.

"அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருக்கா?"

"தெரியல சிஸ்டர்... ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். சோதனையா இருக்குமோ?"

"சோதனை, மண்ணாங்கட்டி!" சிஸ்டர் சிரித்தார். "நான் இங்க வரும்போது எனக்கும் ஒருத்தரப் பிடிச்சிருந்தது. நல்லாத் தெரிஞ்சுதான் வந்தேன். அழுதுகிட்டேதான் வந்தேன். ஆனா ஒரு நாள்கூட, யாராவது என்னைத் தடுத்துட மாட்டாங்களான்னு ஏங்கல. நீ நெஞ்சுல நிழல்னு கேட்டதும் நிம்மதியானேன்னு சொல்ற பாரு... அதுதான் எனக்குக் கவலை."

அவள் தலை குனிந்தது.

"ஒரு வாரம் எடுத்துக்க. அவனப் பார்க்காத. அப்பாவுக்காகவும் யோசிக்காத, எனக்காகவும் யோசிக்காத. சாமி முன்னாடி சும்மா உக்காரு. அவர் கேட்டா கொடு. கேக்காததப் பிடிவாதமா அவர் கையில திணிக்காத."

ஏழு நாள் உட்கார்ந்தாள். பள்ளி விட்டதும் மாதா கோயில். பீடத்திலிருக்கும் நற்கருணைப் பேழையின் முன்னால், மூன்றாவது பெஞ்சு. குரல் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் 'போ' என்று தோன்றியது. மறுநாள் 'போகாதே' என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் முதுகுதான் வலித்தது.

ஆறாம் நாள், யோசித்து ஓய்ந்துபோய், அம்மாவை நினைத்து அழுதாள். அம்மாவின் தலையை வாரிய அந்தக் கைகளை நினைத்தாள். அப்போது மெல்ல, யாரோ காதருகே சொன்னதுபோல இல்லை... தானே தனக்குச் சொல்லிக்கொண்டதுபோல...

'உனக்கு அவங்கமேல இருக்கிறது நன்றிடி. மலையளவு நன்றி. அதுக்கு நீ வேற பேர் வச்சுட்ட.'

அமைதியாக இருந்தது. வலித்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மறுநாள் சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அப்பாதான் பெரிய மலை.

"அப்பா... நான் போகல."

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் எங்கூட மல்லுக்கு நின்னு, பேசாமகூட இருந்து வாங்கின சம்மதம் அது. அப்ப அத்தனையும் எதுக்கு?"

"தப்புப்பா. நான் ஜெயிக்கணும்னே நின்னுட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே..." முகத்தைத் துடைத்தார். கிரீஸ் கன்னத்தில் அப்பியது. அந்தக் கன்னம் மெல்லச் சிரிப்பில் விரிந்தது. "சரி போ. கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். காலையில காபிக்கு எதிர்ல ஆள் இருந்தா சரி."

திங்கட்கிழமை மதியம் பரிசோதனை நிலையத்தின் பின்கட்டில் அவனைப் பிடித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"சர்டிஃபிகேட் வாங்க வந்தீங்களா?"

"இல்ல. அது தேவைப்படாது."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு, முதலில் பயம்தான் வந்தது அந்தக் கண்களில். "என்னாலயா? டீச்சர், என்னால ஒரு..."

"உங்களால மட்டும் இல்ல. ஆனா..." நாற்பது குழந்தைகளை அடக்கும் குரல் எங்கே போனது? "ஆனா உங்களப் பிடிச்சிருக்கு. அதைப் பொய் சொல்ல முடியல. சொல்லிட்டேன். இனி உங்க பாடு."

அவன் திரும்பச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நான் கோயிலுக்குப் போனா கடைசி பெஞ்சுதான், அதுவும் பாதிப் பூசைக்குத்தான். போன வாரம் தினமும் காலையில போனேன். நீங்க நல்லபடியா மடத்துல சேரணும்னு வேண்டிக்கிட்டேன். ஆறு நாள் வேண்டிட்டேன். ஏழாவது நாள்..."

"ஏழாவது நாள்?"

"வாயே வரல. 'அவங்க போகாம இருந்தா என்ன'ன்னு கேட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"எனக்கு இன்னும் குழப்பம் தீரல. அந்தச் சிற்றாலயத்த நினைச்சா இப்பவும் அழுகை வருது. எங்கப்பாவப் பார்க்க வரணும் நீங்க... ஆனா இப்ப வேண்டாம். எனக்கு ஒரு மாசம் வேணும். அழுது முடிக்க."

"ஒரு மாசம் போதுமா?"

"தெரியல..."

அவன் நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான்.

"அவசரம் இல்ல. நீங்க அழுது முடிங்க... நான் இங்கயேதான் இருப்பேன்."