ஹீட்டர் மட்டும் போதும்

பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டு இரண்டு மணி நேரமாகிறது. அது பட்டறை மூலையில், மெக்கானிக்கின் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது. அப்படியிருக்க, லாரியின் டேஷ்போர்டிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்து அவர் முழங்கையைத் தொட்டது.

கையை நீட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மழைநாள் மத்தியானம், தகரக் கூரையில் சடசடவென்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஸ்டார்ட் செய்யாத இன்ஜினில் சூடு ஏது? மனப்பிராந்தி என்று தலையை உதறிக்கொண்டு, பழைய சீட்டின் ரெக்சின் வாடை, துரு வாடை, எலிப்புழுக்கை வாடை எல்லாவற்றையும் தாண்டி மூக்கில் வந்து நின்ற இன்னொரு வாசனையை அவர் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார். கிராம்பு வாசனை.

வாயில் எப்போதும் கிராம்பை அதக்கிக்கொண்டே வண்டி ஓட்டியவன் ஒருவன்தான். அவருடைய தங்கை புருஷன். பின்கதவில் நசுங்கி வலதுகை ஆள்காட்டி விரலில் பாதி போனவன். ஏறி உட்கார்ந்ததும் உள்ளங்கையால் கண்ணாடியை வட்டமாகத் துடைப்பான். மூன்று விரல் தடம் நீளமாகவும் ஆள்காட்டி விரல் தடம் மட்டும் குட்டையாகவும் விழும். "கண்ணாடி தேஞ்சுடப் போகுது மச்சான்" என்று இவர் கிண்டல் பண்ணுவார்.

போன வருஷம் இதே இடத்தில் நின்றுதான் அவன் சொன்னான்: "மலைக்கு மேல ஏசி எதுக்கு மச்சான்? கம்பெனி போட்டது செத்து நாலு வருஷமாச்சு. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடு. ஹீட்டர் மட்டும் போதும்."

கழற்றிப் போட்டார். கம்ப்ரசர், முன்னால் இருந்த கண்டென்சர், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கூலிங் பெட்டி எல்லாம் குப்பைக்குப் போயின. ஹீட்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஏசி குழாய்கள் வந்துபோன இரண்டு ஓட்டைகள், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருந்த தகட்டில், வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ரப்பர் ஷீட் வைத்து மேலே இரும்புப் பட்டை அடித்து நாலு போல்ட் போட வேண்டும். ஷீட் கைவசம் இல்லை. அவனுக்கோ லோடு ஏற்ற அவசரம். தன் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கிழித்து இரண்டு ஓட்டைகளிலும் திணித்து, "வந்ததும் பட்டை அடிச்சுக்கலாம், போயிட்டு வா" என்று போனெட்டைத் தட்டி அனுப்பிவைத்தார். சைலன்சர் மூட்டில் புகை கசிவதும் அவருக்குத் தெரியும். அதையும் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் வரவில்லை. மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது. குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறான். எழுந்திருக்கவில்லை. உள்ளே புகை நிறைந்திருந்தது. கண்ணாடியைச் சாத்தியதுதான் தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். வண்டி பட்டறைக்கு வந்த அன்றே, யாரும் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இவர் பட்டையை அடித்துவிட்டார். துணியைக் கொளுத்தினார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். இறங்கியது. தூக்கமும் வந்தது. அதை நினைத்தால்தான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்போது தங்கை லைசென்ஸ் எடுத்துவிட்டாள். நாளைக் காலையில் அவளே இந்த வண்டியை மலைக்கு ஓட்டப் போகிறாள். தகட்டில் ஒரு ஊசி நுழையக்கூட வழி இருக்கக் கூடாது. போனெட்டுக்குள் தலையை விட்டு, அடியில் புது ரப்பர் ஷீட் வைக்க நாலு போல்ட்டையும் கழற்றி, பட்டையை எடுத்தார்.

ஓட்டைகளில் துணி இருந்தது.

கட்டம்போட்ட துணி. அவர் கொளுத்திய துணி.

விரலால் பிடித்து இழுத்தார். ஈரமாக, உடம்புச் சூட்டோடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு கை நீளம். காலர். பொத்தான்கள். பிறகு நின்றது. நின்று, மெதுவாக, அந்தப் பக்கமாகத் திரும்பப் போனது. கேபினுக்குள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

விட்டுவிட்டார்.

"அண்ணே! எங்க இருக்கீங்க?"

அவர் பட்டையைக் கையில் பிடித்தபடியே சுற்றி வருவதற்குள் தங்கை குடையை மடக்கிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறியாயிற்று. சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்றி இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் நாலு விரற்கடை மட்டும் திறந்திருந்தது.

"ஹீட்டர் நல்லா வருதுண்ணே. கதகதன்னு இருக்கு."

"கீழ எறங்கும்மா."

"இருங்கண்ணே, இப்பத்தானே ஏறினேன்." அவள் பார்வை அவர் கையிலிருந்த பட்டையில் நின்றது. "வண்டி மொத்தமும் துரு. இது மட்டும் புதுசா இருக்கே?"

அவர் பட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். கடைசியா போன் பண்ணப்ப அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உங்கண்ணன் சட்டை கால்கிட்ட வந்து விழுந்து கெடக்குதுன்னு. என்ன சட்டைன்னு கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு." கொட்டாவி விட்டாள். "இந்தப் பட்டை அன்னைக்கு இருந்துச்சா?"

மழை ஓங்கி அடித்தது. சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. சொன்னால் இந்த முகம் இனி அவரைப் பார்த்து அண்ணே என்று கூப்பிடாது.

"இருந்துச்சும்மா," என்றார். "தூக்கக் கலக்கத்துல ஏதோ உளறியிருப்பான்."

உள்ளே கதவின் பூட்டு டக்கென்று இறங்கியது.

நாலு விரற்கடை இடைவெளி மூடிக்கொண்டது. தங்கையின் கை மடியில் இருந்தது. கைப்பிடி தானாகச் சுற்றியது.

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடு அசைந்தது. "தூக்கமா வருது."

கதவை இழுத்தார். அசையவில்லை. மறுபக்கம் ஓடினார். அதுவும் அசையவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். கீறல்கூட விழவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. இன்ஜின் ஓடவில்லை, பேட்டரி மூலையில் கிடக்கிறது, உள்ளே காற்று உறுமுகிறது. புகை நாற்றம். கிராம்பு.

"இல்லம்மா! அன்னைக்குப் பட்டை இல்ல! நான்தான் துணிய வச்சு அனுப்பினேன்! நான்தான் கொன்னேன்! மச்சான், நான்தான்டா! அவள விட்டுடு!"

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுதார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு உள்ளங்கை அந்த ஆவியை வட்டமாகத் துடைத்தது. நிதானமாக, அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று. மூன்று விரல் தடம் நீளம். ஆள்காட்டி விரல் தடம் மட்டும் குட்டை. அந்த வட்டத்துக்குள் தங்கை தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் இருந்தாள். அவள் தோளில், யாரோ குளிருக்குப் பக்குவமாகப் போர்த்திவிட்டதுபோல், கட்டம்போட்ட சட்டை.