ஆணி அடிக்காத அறை

பேய்க்குப் பயந்து நான் எந்த வீட்டையும் காலி செய்ததில்லை. வீட்டுக்காரர்களுக்குப் பயந்து காலி செய்த வீடுகள் உண்டு. அதனால் ராஜபாளையத்தில் அந்தப் பழைய வீட்டுக்குள் நானும் காதரும் முதன்முதலாக நுழைந்தபோது நான் சுவரைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரர் சுந்தரபாண்டியனின் முகத்தைத்தான் பார்த்தேன். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். லத்தியையும் தொப்பியையும் திருப்பிக் கொடுத்தவர், கைதியைப் பார்க்கிற பார்வையை மட்டும் தன்னோடு கொண்டுவந்துவிட்டார்.

தெருவுக்கு ஒரு கேசட் கடை இருந்த காலம் அது. தொண்ணூற்றிரண்டாம் வருடம் என்று நினைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் வைத்திருந்த நானும், டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த காதரும் சேர்ந்து சொந்தமாக ஒரு ரெக்கார்டிங் அறை போடத் துணிந்தோம். எங்கள் முதல் கேசட்டில் பாடப்போவது காதரின் தங்கை மாஜிதா. சந்தனக்கூடு விழாவுக்குள் கேசட் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று திட்டம்.

மாஜிதா பாடிக் கேட்டவர்கள் கல்யாண வீடுகளில் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட மறந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அம்மா ஹாஜராவுக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

"பொம்பளப் புள்ள கொரல கடைத்தெருவுல போட்டு விக்கணுமாக்கும்" என்றார்.

"கொரல் மட்டுந்தானம்மா வெளிய போகுது. அவ வீட்டுலதான இருக்கப் போறா. அவ கொரலுக்கு ஒரு சேதமும் வராது, நான் பொறுப்பு" என்று தாயின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான் காதர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சுந்தரபாண்டியன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"பாட்டுப் போடுங்க, கூத்தடிங்க, எனக்கென்ன. செவுத்துல மட்டும் ஒரு ஆணி எறங்கக் கூடாது."

"ஏங்கய்யா?"

"எங்கப்பாரு காலத்துச் செவுரு. முட்ட வெள்ளக்கரு ஊத்தி எழச்சது. அம்புட்டுதான்."

சுவர் உண்மையிலேயே அழகுதான். கை வைத்தால் வழுக்கும், முகம் மங்கலாகத் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட சுவர் எங்கள் தொழிலுக்கு எமன். அறைக்குள் ஒரு தும்மல் போட்டால் அது நாலு சுவரிலும் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். எதிரொலியைக் கொல்ல ஃபோம் பலகை மாட்டியே தீர வேண்டும். ஆணி அடிக்காமல் எப்படி மாட்டுவது?

காதர் மண்டை உள்ளவன். ரீப்பர் கட்டையில் ஆளுயரச் சட்டங்கள் செய்தான். மெத்தைக் கடையிலிருந்து ஃபோம் வாங்கி அதில் ஒட்டினான். மேலே சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியை இழுத்துப் போர்த்தித் தைத்தான். மச்சு உத்தரங்களில் ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்குமாகப் பழைய இரும்பு வளையங்கள் இருந்தன. அவற்றில் மூங்கில்களைக் கட்டி, மூங்கிலிலிருந்து நைலான் கயிற்றில் சட்டங்களைத் தொங்கவிட்டான். சுவரை எதுவும் தொடவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. சத்தத்துக்கு அந்த இடைவெளி இன்னும் நல்லது என்றான்.

வடக்குச் சுவரில் மட்டும் ஒரு தொல்லை வந்தது. அங்கே நெஞ்சுயரத்தில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. கொல்லன் அடித்த நீளமான பழைய ஆணி. அதைச் சுற்றி நூலோ சணலோ ஏதோ சுருட்டி, அதன்மேல் மட்டும் வருடா வருடம் சுண்ணாம்பு பூசிப் பூசி அது ஒரு கட்டியாகவே ஆகிவிட்டிருந்தது. சட்டம் அசைந்தால் கட்டை அதில் உரசிக் கிறீச்சிடும். மைக்குக்கு அந்தச் சத்தம் ஆகாது.

நான் கேசட் வாங்கப் போய்த் திரும்பியபோது காதர் வடக்குச் சட்டத்தை மாட்டி முடித்திருந்தான்.

"சீனி, உன் வெத்தலச் சுண்ணாம்பக் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். ஆணி இருந்த ஓட்டைய அடைச்சிட்டேன்."

"ஏலே, அந்த மனுசன் கத்தப் போறாரு."

"ஆணி அடிக்கக் கூடாதுன்னாரு. புடுங்கக் கூடாதுன்னா சொன்னாரு? செவுத்துல ஒரு கீறல் கெடையாது பாரு."

கீறல் இல்லைதான். பிடுங்கிய ஆணியைத் திருகாணி டப்பாவுக்குள் போட்டுவிட்டான். ஒரு சத்தம் குறைந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

சட்டமெல்லாம் மாட்டிய பிறகு அறைக்குள் நின்று பேசிப் பார்த்தோம். பேச்சு வாயை விட்டு இறங்கியதும் காலடியிலேயே விழுந்து செத்தது. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சுந்தரபாண்டியனின் வெள்ளை நாய் அப்போது உள்ளே வந்தது. அது பிறவிச் செவிடு. வெடி போட்டாலும் திரும்பாது. அது வடக்குச் சட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தது. நாம் பேசுவதைக் கேட்கிற நாய் செய்கிற மாதிரி.

"செவிட்டு நாய் என்னத்தலே கேக்குது?" என்று சிரித்தேன்.

காதர் சிரிக்கவில்லை. எலியாக இருக்கும் என்றான்.

அந்தத் தெருவில் விசைத்தறிகள் ஓயாமல் இரையும். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்துவார்கள். எங்களுக்குக் கிடைத்த அமைதி அந்த உச்சிப்பொழுது ஒன்றுதான். மாஜிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினோம். நான் கூடத்தில் மெஷினோடு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

பாடினாள். என் கை ரோமம் சிலிர்த்தது. தேன் என்று சொன்னால் தேனுக்குத்தான் பெருமை.

அடுத்த அடிக்கு அவள் மூச்சிழுத்தாள்.

அவள் இழுத்து முடித்த பிறகு இன்னொரு மூச்சும் இழுபட்டது.

காதர் உள்ளே போயிருக்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் என் பக்கத்தில்தான் இருந்தான். டேப் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் போட்டுக் கேட்டோம். மாஜிதாவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது.

"அண்ணே, நான் பாடுறது எனக்கே கேக்க மாட்டேங்கு" என்றாள் மாஜிதா. சொல்லும்போதே தொண்டை கம்மியிருந்தது. "உள்ள ஏதோ ஊசிப்போன சோத்து வாசன அடிக்குண்ணே."

"எதிரொலி இல்லாத ரூம்புல அப்படித்தான் இருக்கும். வெந்நி குடி. இன்னொருக்கா பாப்போம்" என்றான் காதர்.

மறுபடி கதவைச் சாத்தினோம். மறுபடி பாடினாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் அவள் குரல் மெலிந்துகொண்டே போனது. மெஷினில் சத்த அளவு காட்டும் ஊசி ஆடுகிறது. ஆட்டம் குறையவில்லை, கூடுகிறது. குரல் குறையக் குறைய ஊசி ஏன் கூடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக் கேட்டேன்.

"நிறுத்தாத, ஏட்டி. பாடு."

என் காதுக்குள் யாரோ வாய் வைத்துச் சொன்னது போல் இருந்தது. நாக்கு வறண்டுபோனவர்கள் பேசுகிற பேச்சு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

மாஜிதா பாடிக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறக்கிறது, மூடுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

சத்தம் மட்டும் இல்லை.

அவள் முகத்துக்கு நேரே வடக்குச் சட்டத்தின் ஃபோம் பின்பக்கத்திலிருந்து அமுங்கி, வெள்ளைத் துணி முன்னால் பிதுங்கியிருந்தது. நெற்றி, மூக்கு, அகலத் திறந்த வாய். துணியைக் கவ்வி உள்ளே உறிஞ்சியது அந்த வாய்.

காதர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். நான் ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். ஃபோம் அவசரமே இல்லாமல் மெல்ல மெல்லத் தன் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது.

மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை, அதிர்ச்சிதான் என்றார். மாஜிதா பேசவில்லை. சோறு இறங்கவில்லை. நாங்கள் போனால் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். எதையோ சொல்ல வாயசைப்பாள், எங்களுக்குப் புரியாது. ஹாஜராம்மா மகனைத் திட்டவில்லை. "பொறுப்புன்னியே" என்று ஒரு சொல்தான் கேட்டார். காதர் அன்றைக்குச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

கடைசியில் இருவரும் சுந்தரபாண்டியனிடம் போய் நின்றோம். அவர் அறைக்குள் போய், வடக்குச் சட்டத்தை ஒதுக்கிச் சுவரைத் தடவினார். சுண்ணாம்பு அடைத்த இடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்து காதர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"ஆரக் கேட்டுலே புடுங்குன?"

"அடிக்கக் கூடாதுன்னுதானய்யா சொன்னிய..."

"சும்மா கெடக்கிற ஆணியப் புடுங்குவான் ஒரு கிறுக்கன்னு எனக்கென்ன தெரியும்!"

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் பொண்டாட்டி வெள்ளத்தாயி. அண்ணன் செத்த பொறவு வீட்டுல பாதி தனக்குன்னு தெருவுல நின்னு சத்தம் போட்டா. எங்கப்பாரு இந்த ரூம்புல போட்டுப் பூட்டிட்டாரு. சோத்த நாந்தான் கொண்டு போவேன். ஒருநா, இனிமே கொண்டு போகாதன்னாரு."

"போகலையா?"

"போகல."

ஸ்டேஷனில் எழுத்தருக்குச் சொல்வது போல் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கு அந்த அறையைவிட அந்த மனிதர் மேல் அருவருப்பாக இருந்தது.

"செத்த பொறவும் சத்தம் நிக்கல. தெருவே கேட்டது. கோடாங்கியக் கூட்டியாந்து, அவ முடிய ஆணில சுத்தி, செவுத்துல வச்சு அறைஞ்சோம். அறைஞ்சது சத்தத்த. அதே ஆணிய அதே ஓட்டைல உச்சிப்பொழுதுல அடி. ஒன் தங்கச்சிக்குத் தொண்ட தொறக்கும்."

திருகாணி டப்பாவைக் கவிழ்த்து ஆணியைத் தேடினோம். சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நூலும் இல்லை, சணலும் இல்லை. பெண்ணின் தலைமயிர்.

தறிகள் நின்றன. தெரு அடங்கியது. காதர் "பிஸ்மில்லா" என்று சொல்லி ஆணியை ஓட்டையில் வைத்தான். நான் சட்டத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டேன். சுந்தரபாண்டியன் வாசலோடு நின்றுவிட்டார்.

முதல் அடி.

"அண்ணே."

சுவருக்குள்ளிருந்து வந்தது. மாஜிதாவின் குரல். அந்தத் தேன் குரல்.

காதரின் கை நின்றது.

"ஏமாத்துதாலே! நிறுத்தாத, அடி!" என்று வாசலிலிருந்து கத்தினார் சுந்தரபாண்டியன். "அவ எல்லாக் கொரல்லயும் பேசுவா!"

இரண்டாவது அடி.

"அண்ணே, வலிக்குண்ணே. நாந்தாண்ணே. வேண்டாம்ணே."

காதர் என்னைப் பார்த்தான். அவன் முகம் முழுவதும் வேர்வை. மாஜிதா ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் படுத்திருக்கிறாள், இங்கே எப்படி இருப்பாள்? பேய் என்றால் பசப்பத்தானே செய்யும்? எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அடி என்று தலையை ஆட்டினேன்.

காதர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அழுதுகொண்டே அடித்தான். ஆணி உள்ளே இறங்க இறங்கக் குரல் கீச்சுக்குரலாகி, "அண்..." என்று பாதியில் அறுந்தது.

அறை பழையபடி செத்துப்போனது. ஊசிப்போன சோற்று வாசனையும் போயிருந்தது. தறிகள் மறுபடி இரைய ஆரம்பித்தன. அந்த இரைச்சல் எங்களுக்கு மேளதாளம் மாதிரி இருந்தது.

பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வழியெல்லாம் காதர் என் கையை விடவில்லை. வாசலில் ஹாஜராம்மா நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"பேசிட்டாளாம்மா?" என்று ஓடினான் காதர்.

"பேசுதா" என்றார் அவர், ரகசியம் போல. "எந்திரிச்சு உக்காந்து சோறு கேட்டா. பானைய வழிச்சுப் போட்டுட்டேன். இன்னும் கேக்கா. காதரு... நீ உள்ள போகாதய்யா."

நாங்கள் உள்ளே போனோம்.

மாஜிதா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முக்காடு விலகித் தோளில் கிடந்தது. இரண்டு கையாலும் சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையை நிறுத்தினாள். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

பிறகு, நாக்கு வறண்ட குரலில் கேட்டாள்.

"சுந்தரபாண்டியன் சாப்ட்டானா?"