பதினொன்றாம் மாடியில் காலி வீடு

சனிக்கிழமை, மாலை 5.10. பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடி.

லோஷினி கதவைத் திறந்தாள். வீடு துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. சோபா இல்லை. கட்டில் இல்லை. ஐஸ்பெட்டி இல்லை. சமையலறைக்கு ஓடினாள். ஜன்னல் வெயிலில் கண் கூசியது. அடுப்புகூட இல்லை.

நேற்றுக் காலை எல்லாமே இருந்தது. வீட்டுச் சாமான்களோடு மூன்று அறை, மாத வாடகை தொள்ளாயிரம் ரிங்கிட். இந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு வெறும் வீடு கிடைத்தாலே அதிர்ஷ்டம். முன்பணமாகக் கட்டிய மூவாயிரமும் தொழிற்சாலையில் கண்விழித்துச் சம்பாதித்தது. சிம்பாங் ரெங்கம் ஊரிலிருந்த பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா செல்வராணி கீழே காரில் மூட்டை முடிச்சோடு காத்திருந்தாள்.

அவள் போன் செய்ததும் வீட்டு ஏஜெண்ட் சுகுமாறன் பத்தே நிமிடத்தில் வந்தார். ஆறுதல் சொல்ல அல்ல.

"நேத்து பன்னெண்டு மணிக்குச் சாவியை உன் கையில குடுத்தேன். அப்புறம் சாமான் எங்க போச்சு? திருடி வித்துட்டு நாடகமா? டெபாசிட்டை மறந்துடு. நான் ரிப்போர்ட் போடப் போறேன்."

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. திருடிப் பட்டம் விழுந்தால் வேலையும் போய்விடும். அவர் முந்துவதற்குள் அவளே போலீசுக்கு அழைத்தாள்.

மாலை 6.05.

போலீஸ் சார்ஜன் ஷாந்தினி உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்று 11-5 என்ற எண் பலகையை நகத்தால் தட்டினாள். பலகை லேசாகச் சாய்ந்திருந்தது. எதிர்க்கதவு 11-6ஐயும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வேலு அண்ணே, நேத்திலேர்ந்து லோரி ஏதும் வந்துச்சா?"

"இல்ல மேடம்," என்றார் காவலாளி வேலு. "வந்தா நான்தான் கேட் திறக்கணும். லிஃப்ட் கேமராவையும் பாருங்க, ஒரு நாற்காலிகூட இறங்கல."

"அலமாக்! இவரும் கூட்டுதான்," என்றார் சுகுமாறன்.

ஷாந்தினி சமையலறைக்குப் போய், கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"தங்கச்சி, நேத்து காலையில என்ன செஞ்சே?"

"பால் காய்ச்சினேன் அக்கா. வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்குள்ள நல்ல நேரம். இவர்தான் கதவைத் திறந்துவிட்டாரு. கதவுல 11-5தான் இருந்துச்சு."

"நீங்களும் கூட இருந்தீங்களா? பால் நல்லாப் பொங்குச்சா?" ஷாந்தினி சிரித்துக்கொண்டே சுகுமாறனைக் கேட்டாள்.

"பொங்குச்சு மேடம்! ஜன்னல் பக்கமா, கிழக்கால. வெயில் நேரா அடுப்புமேல அடிச்சுச்சு. நல்ல சகுனம்னு நானே சொன்னேன். சாமான் இருந்ததுக்கு நானே சாட்சி."

"இப்ப மணி என்ன?"

"ஆறே கால்."

"காலையில வெயில் வந்த ஜன்னல்ல ஆறே காலுக்கும் வெயில் வருதே, எப்படி?"

லோஷினி ஜன்னலைப் பார்த்தாள். சூரியன் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

"இது மேற்கு ஜன்னல். இவ பால் காய்ச்சினது எதிர்வீட்டுல," என்றாள் ஷாந்தினி. "ரெண்டு வீடும் ஒரே அச்சு, திசைதான் வேற. நேத்து காலையில நம்பரை மாத்தி ஒட்டியிருக்கீங்க. அப்புறம் பழையபடி ஒட்டினது கோணலாப் போச்சு. காலி வீட்டுச் சாவியை இவகிட்ட குடுத்து, இல்லாத சாமானைத் திருடிட்டதா மிரட்டினா டெபாசிட் உங்களுக்கு. நம்மாளுங்க பால் எந்தப் பக்கம் பொங்குதுன்னு பார்ப்பாங்கங்கறதை யோசிக்கல."

"11-6 சாவி இவர்கிட்டதான் மேடம்," என்றார் வேலு. "வீட்டுக்காரர் அந்தோனிப்பிள்ளை சிங்கப்பூர்ல இருக்காரு."

கதவைத் திறக்க அந்தோனிப்பிள்ளை போனிலேயே சம்மதித்தார். சுகுமாறனின் சாவிக்கொத்தில் மூன்றாவது சாவி திறந்தது. சோபா, கட்டில், ஐஸ்பெட்டி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அடுப்போரத்தில் பால் கறை காய்ந்திருந்தது.

சுகுமாறனின் குரல் இறங்கியது. "தங்கச்சி, மூவாயிரத்தையும் இப்பவே குடுத்துடறேன். ரிப்போர்ட் வேணாம்லா. நம்ம ஆளுங்கதானே?"

"கேஸ்னா காசு வர மாசக்கணக்காகும்," என்றாள் ஷாந்தினி. "நீதான் சொல்லணும்."

இன்றிரவு தங்கவே அந்தக் காசு வேண்டும். லோஷினி திரும்பிப் பார்த்தாள். நடைபாதையில் அக்கம்பக்கத்தார் இன்னும் நின்றிருந்தார்கள்.

"எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னு சொன்னாரு. ரிப்போர்ட் எழுதுங்க அக்கா."

இரவு 7.20. கீழே செல்வராணி மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"நீட்டின காசை வாங்காமயா வந்தே?"

"ஆமாம்மா."

செல்வராணி ஓட்டுநர் இருக்கையிலிருந்த மூட்டையை நகர்த்தி மகளுக்கு இடம் விட்டாள்.

"நல்லது செஞ்சே. வண்டியை எடு, குளுவாங்குக்கு உன் சித்தி வீட்டுக்குப் போலாம்."