நீலச்சட்டை நின்ற வாசற்படி

"நீலச்சட்டை சார்! ஆமா, உங்களைத்தான்... கொஞ்சம் முன்னால வாங்களேன்."

தூறல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கூட்டத்தின் ஓரத்தில், தோளில் ஒரு கனத்த பையோடு நின்றிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் யாருமில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்ததும் அந்தக் கண்கள் விரிந்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல... என்ன கண்கள் இவை என்று நினைத்தவள், வேலை நேரத்தில் இதென்ன நினைப்பு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

சுற்றுலாக்காரர்களை நடத்தியே கூட்டிப்போய் நகரத்தின் இருண்ட காலத்தைக் காட்டுவது அவள் வேலை. ராணுவம் ஆண்ட வருடங்களில் சிறையாக இருந்த கிடங்கு, விசாரணைகள் நடந்த பள்ளிக்கூடம், லாரிகள் நின்ற சந்து. கடைசியாக இந்தப் பச்சைக் கதவு வீடு. ஒரு விடியலில் இந்தத் தெருவின் ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். இந்த வீட்டுக்காரர் தன் வாசற்படியில் நின்று கை நீட்டினார். அவர் விரல் காட்டியவர்கள் லாரியில் ஏறினார்கள். அவர்கள் திரும்பவேயில்லை.

வெறுமனே சொன்னால் கூட்டம் கொட்டாவி விடுகிறது. அதனால் யாராவது ஒருவரைப் படியில் ஏற்றி நடிக்கவைக்கும் வழக்கத்தை அவள்தான் கொண்டுவந்தாள்.

முழங்கையைப் பிடித்து அவனைப் படியில் நிறுத்தினாள். "இன்னைக்குக் காட்டிக்கொடுக்கறது நீங்கதான். யாரை வேணா கை காட்டலாம்."

"எங்க வீட்டுக்காரரைக் காட்டுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்றாள் ஒரு பெண்மணி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவன் கை நீட்டவில்லை. அவளை ஒருமுறை பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். பச்சைக் கதவைத் திறந்து, உள்ளே போய், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டான்.

பிரமாதமான முடிவு என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கை மட்டும் எழவில்லை. அவன் சட்டையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குத்திவிடும் அடையாளச் சீட்டு இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தன் வீட்டுக்குள் போக வழி கிடைக்குமா என்று காத்து நின்றவனை அல்லவா...

மறுநாள் மழையோடு தனியாக வந்து கதவைத் தட்டினாள்.

"மன்னிச்சிடுங்க. எங்க குரூப்னு நினைச்சுட்டேன்."

"நான் வழி விடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க வேலை போட்டுக் குடுத்துட்டீங்க." உதடு சிரித்தது. கண்கள் சிரிக்கவில்லை. "கைதட்டல் கேட்டுச்சு. எனக்கு நடிப்பு வரும்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே."

"அவர் உங்களுக்கு..."

"அப்பா. செத்து ரொம்ப நாளாச்சு." கதவைப் பின்னால் சாத்திவிட்டுப் படியில் இறங்கி நின்றான். "பொய்னு சொல்ல வரலைங்க. நடந்தது நடந்ததுதான். ஏன் செஞ்சீங்கன்னு அவரைக் கேட்டிருக்கலாம். நான் கேக்கல. நீங்க தாராளமா சொல்லுங்க... எங்க வாசல்ல நின்னு சிரிக்க மட்டும் வேண்டாம். உள்ள அம்மா இருக்காங்க. நீங்க வர்ற நேரம் பார்த்து மிக்சியைப் போட்டுக்கிட்டு நிப்பாங்க. அதுல அரைக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும், அந்த லாரியில் ஏறியவர்களில் ஒருவர் எங்கள் பெரியப்பா என்று. நாக்கு நுனி வரை வந்தது. மழை நனைத்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து நடிப்பை நிறுத்தினாள். எதிர்ச் சாரியில் நின்று, தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கூட்டத்தை நகர்த்திக்கொண்டு போனாள். சில நாட்களில் சுற்று முடியும் இடத்தில் அவன் நின்றிருப்பான், தற்செயலாக வந்தவனைப் போல. லிப்ட் பழுதுபார்ப்பவனுக்கு எல்லாத் தெருவிலும் வேலை உண்டு என்பான். பஸ் நிறுத்தம் வரை ஒரே குடையில் நடப்பார்கள்.

"லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? எவ்வளவு நேரமாகும்னு. நான் எப்பவும் 'இதோ முடிஞ்சுடுச்சு'ன்னுதான் சொல்லுவேன்."

"பச்சைப் பொய்."

"பாதிப் பொய். அவங்க மூச்சு சீராகணும் இல்ல?"

"என்கிட்டயும் பாதிப் பொய்தானா?"

"உங்ககிட்ட முழுசா வாய மூடிக்கறேன். அது பொய்யில சேராது."

சிரிப்பாள். சிரித்துவிட்டு, நான் மட்டும் என்னவாம் என்று நினைப்பாள். ஒரு குடைக்குள் இருவர் நடக்க இடமிருந்தது. அவள் மறைத்துவைத்திருந்த அந்த ஒன்றுக்குத்தான் இடமில்லை.

அப்பாவிடம் விஷயம் போய்ச் சேர்ந்தது. அவள் மேனேஜர்தான் சொல்லியிருக்க வேண்டும். தினமும் அவள் வீடு திரும்பியதும் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு எத்தனை பேரு அந்தக் கதையைக் கேட்டாங்க?" அண்ணனைப் பறிகொடுத்த தம்பிக்கு அந்தப் பதில்தான் மருந்து. அன்று அவர் கேட்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, முகம் பார்க்காமல் பேசினார்.

"அந்த வீட்டுப் பையன்கூட ஒரே குடையில போறியாமே."

"அப்பா..."

"எங்கண்ணனைக் கை காட்டின வாசப்படிம்மா அது. அதுல மருமகளா ஏறப் போறியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! பிறகு எத்தனையோ நாள் அவளை உறுத்தப்போவது அந்தச் சுலபம்தான்.

"ஒண்ணுமில்லைன்னா சரி. நாளைக்கு நான் வர்றேன். எப்பவும் போல நடத்திக் காட்டு."

நடத்தினாள். பச்சைக் கதவின் முன்னால் நின்று, குரல் நடுங்காமல் கேட்டாள். "யாராவது ஒருத்தர் வந்து படியில நிக்கணும்..." உள்ளே மிக்சி ஓடும் சத்தம். யாரும் நகரவில்லை. அப்பா முன்னால் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு படியேறி, தெருவைப் பார்த்து நின்று, கையை நீட்டினார்.

மிக்சி நின்றது.

அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. அப்பா நீட்டிய கையோடு அப்படியே திரும்பினார். விரல் அந்த அம்மாளின் நெஞ்சுக்கு நேராக நின்றது. மெலிந்த உடம்பு, ஈரக் கை, தூக்கமில்லாத கண்கள்.

"யாரு வேணும்ங்க?" என்றாள் அந்த அம்மாள்.

அப்பா கையை இறக்கவில்லை. "எங்கண்ணன்" என்றார். "எங்கண்ணன் வேணும்."

அந்த அம்மாள் கதவைச் சாத்தவில்லை. தலை மட்டும் மெல்லக் குனிந்தது. அப்பாவின் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கையோடு சேர்ந்து அவரும் தாழ்ந்து, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பா!" என்று அவள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை.

தெருமுனையில், தோளில் பையோடு, அவன் நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்...

பிறகு அவன் வரவில்லை. தெருவுக்குள் போக அவளுக்குக் கால் எழவில்லை. அந்தத் தெருவையே தன் சுற்றுலாவிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பாவும் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் வீடு மாறுகிறார்கள் என்று மேனேஜர் போகிற போக்கில் சொன்னபோது, குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வாசலில் சாமான் வண்டி. முன் சீட்டில் அந்த அம்மாள், மடியில் ஒரு தலையணை. அவன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"லாரியில போனவர்ல உங்க பெரியப்பாவும் ஒருத்தர்னு சொல்லியிருக்கலாமே" என்றான், திரும்பாமலே.

"சொல்லியிருந்தா என்கூட நடந்திருக்க மாட்டீங்க."

"நடந்திருப்பேன்... கொஞ்சம் தள்ளி."

மழை வலுத்தது. அவள் கண்ணில் வழிவது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு என்மேல இஷ்டம் இருக்கா, இல்லையா?" என்றாள். கேட்டுவிட்டாள்!

அவன் கை கயிற்றில் நின்றது. "இருக்கு. முழுசா இருக்கு. அதனாலதான் கேக்கறேன். எங்கம்மாவுக்கு எதிர்ல உட்கார்ந்து உங்களால ஒருவாய் சாப்பிட முடியுமா? உங்கப்பா முன்னால என்னால முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா படியில் உட்கார்ந்தது கண்ணில் நின்றது. இன்னொரு சுலபமான வார்த்தையைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"முடியாது" என்றாள். "இன்னைக்கு முடியாது."

அவன் தலையசைத்தான்.

"ஆனா நாளைக்கும் கேளுங்க. அதுக்கு மறுநாளும் கேளுங்க. முடியும்னு நான் சொல்ற வரைக்கும் கேளுங்க..."

"சொல்லாமலே போயிட்டா?"

"அப்பவும் எனக்கு உங்களைத்தான் பிடிக்கும். அன்னைக்கு எங்கப்பாகிட்ட நமக்குள்ள ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அது பொய்."

"சாரல் உள்ள அடிக்குதுடா" என்றாள் அந்த அம்மாள், இருவரையும் பார்க்காமல். "ஏறு. இல்ல, பேசிட்டு ஏறு... நான் ஒண்ணும் அவசரப்படல."

அவன் ஏறினான். வண்டி புகைவிட்டுக் கிளம்பியது. சில அடி போய் நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான், முகமெல்லாம் மழை.

"நாளைக்கு எந்த நேரத்துல கேக்கலாம்?"