வீரம்மா வெளுத்த சப்பாத்து

லிந்துலை மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கொடியை வீரம்மாதான் தூக்கப் போகிறாள். ஆனால் விளையாட்டு வாத்தியார் றோலண்ட் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கால்ல வெள்ளைச் சப்பாத்து இல்லாட்டி, கொடி வேற ஆளுக்குப் போயிரும்."

தோழி டோரீன் தன் சப்பாத்தை இரவல் கொடுத்தாள். அதைப் பார்க்க ஓடி வந்த தம்பி அழகன், முழங்கால் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்துப் போத்தலைத் தட்டிவிட்டான். இரண்டு சப்பாத்தும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டன.

"இதுவும் நல்லாத்தானே இருக்கு அக்கா?" என்றான்.

வீரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மறைத்தாவது விடுவோம் என்று, தங்கச்சியின் தோல் அரிப்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைச் சிங்க் பவுடரைத் தூவினாள். உதிர்ந்தது. கஞ்சியில் குழைத்துப் பூசினாள். ஒட்டிக்கொண்டது. அப்படியும் ஊதா எட்டிப் பார்த்தது.

ஒரு சப்பாத்தை அடுப்போரம் காயவைத்தாள். அங்கே இடமில்லாததால், மற்றதை வெளியே கல்லின்மேல் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால், கல்லின்மேல் இருந்தது வெளிறியிருந்தது. அடுப்போரம் இருந்தது அப்படியே இருந்தது!

"அடுப்புலதான் சூடு கூட. ஆனா வெளிய இருந்ததுதான் வெளுத்திருக்கு. அப்ப சூடு இல்லடா, வெளிச்சம்!" என்றாள் வீரம்மா.

"அப்ப பவுடரு வேணாமா?"

நல்ல கேள்விதான். ஊதாக் கறை பட்ட கந்தல் ஒன்றில் பாதிக்கு மட்டும் கஞ்சிப் பவுடரைப் பூசி வெயிலில் விரித்தாள். பூசிய பாதிதான் நன்றாக வெளுத்தது.

"ரெண்டும் சேரணும்டா!" என்று துள்ளினாள்.

அப்புறம் பனிமூட்டம் விலகும்போதெல்லாம் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். பூசினாள், காய்ந்தால் வெளுப்பது நிற்பதைக் கண்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டாள், கழுவினாள், மறுபடியும் பூசினாள்.

"கோழிக்குஞ்சு மேய்க்கிற மாதிரி சப்பாத்து மேய்க்குறா," என்று கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா சிரித்தார்.

போட்டியன்று றோலண்ட் சார் குனிந்து பார்த்தார். "புதுசா வாங்குனீங்களா?"

"இல்லீங்க சார். ஊதா மருந்து கொட்டிருச்சு. பவுடரு, கஞ்சி, வெயிலு மூணையும் சேத்து நானே வெளுத்தேன்."

"வாங்குனப்பகூட இவ்வளவு வெள்ளையா இல்லீங்க சார்," என்றாள் டோரீன்.

சார் கொடியை எடுத்து வீரம்மா கையில் கொடுத்தார். அவள் நெஞ்சு நிமிர முன்னால் நடந்தாள்.

"யாரு புள்ள அது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எம் புள்ள!" என்று அம்மா சொன்னது மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.