ஏறுங்கண்ணே, போவோம்

சீவலப்பேரிக்குள் சல்மான் ஃபாரிஸ் சைக்கிளை மிதித்து நுழைந்தபோது, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே அசந்து கிடந்தது. மஸ்கட்டில் தொடங்கி சலாலா வரை, ஓமன் நாட்டுப் பாலைவனத்தைத் தன்னந்தனியாக மிதித்துக் கடந்த கால்கள் அவனுடையவை. மேலப்பாளையத்திலிருந்து இங்கே வருவது அந்தக் கால்களுக்கு ஒரு தூரமே இல்லை. ஆனாலும் வழியெல்லாம் நின்று நின்று வந்தான். தாகமில்லாமலே சர்பத் குடித்தான். காற்று சரியாக இருந்த டயருக்குக் காற்றுப் பார்த்தான். திரும்பிப் போக ஒரு சாக்கு கிடைக்காதா என்று மனசு அலைந்துகொண்டே இருந்தது.

எல்லாம் கலைச்செல்வி என்ற பெண் போனில் அனுப்பிய ஒரு படத்தால் வந்தது. பயணத்தை அவன் வீடியோ வீடியோவாகப் போட்டிருந்தான். அதில் ஒன்றில், அவன் தோளுக்குப் பின்னால், கானல் நெளியும் சாலையோரம், தலையில் சிவப்புத் துண்டு போட்ட ஓர் ஆள் நிற்கிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுவார். அந்த இடத்தில் நிறுத்திப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே குரலும் வந்தது.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரவிய. சுடலைராஜ்னு பேரு. இதே ரோட்டுல, ஒரு பெட்ரோல் பங்குக்குக் கிட்டக்கதான் அவிய பாடி கிடந்துச்சாம். கடைசியா அவியளைப் பாத்தது நீங்கதான். எங்க அத்தை உங்களைப் பாக்கணும்ங்காவ. அந்தச் சைக்கிளையும் கொண்டாங்க, தம்பி."

கடைசியாகப் பார்த்தவன் என்பது சரி. என்ன நடந்தது என்பது சல்மானுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குக் கண்ணுக்கெட்டிய வரை கல்லும் மணலும்தான். கேமராவைப் பார்த்து, "மக்களே, துணைக்கு வண்டி கிடையாது, ஆள் கிடையாது, கூடாரம் அடுப்பு எல்லாம் என் சைக்கிள்லதான்" என்று வீறாப்பாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு காதில் விழுந்துதான் அந்த ஆள் ஓடி வந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "தம்பி, நம்ம ஊரா? பேச்சைக் கேட்டாலே தெரியுதே" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார், பாவம். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டு முதலாளி ஓடிவிட்டானாம். அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் கேரியரில் உட்கார்த்திக் கொண்டுபோய் விட்டால் போதும் என்றார்.

அவரை ஏற்ற வேண்டுமென்றால் கூடாரத்தையும் பைகளையும் இறக்கிப் போட வேண்டும். தனியாகக் கடந்தேன் என்று பிறகு மார்தட்டிக்கொள்ள முடியாது. சல்மான் கையை விரித்தான்.

"நோ தமிழ். சாரி."

சொல்லிவிட்டு மிதித்தான். "இப்பதானே பேசுன, தம்பி" என்று பின்னால் குரல் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீடியோவைச் சரிசெய்தபோது அந்தப் பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டான். வெட்டத் தவறிய ஒரு நொடிதான் இப்போது அவனைக் கழுத்தைப் பிடித்து இங்கே இழுத்து வந்திருக்கிறது.

வாசலில் நின்றிருந்தவள் வடிவம்மாள், சுடலைராஜின் தாயார். வயல் வேலையில் வற்றிப்போன உடம்பு. அவன் சைக்கிளைச் சுவரோரம் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும் கிட்டே வந்து, மகன் இதில்தான் உட்கார்ந்து போயிருப்பான் என்பதுபோலக் கேரியரைத் தடவினாள். தடவிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சல்மானுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று தோன்றியது.

உள்ளே ஒரே அறை. ஊதுபத்தி வாசம். மாலை போட்ட படத்தில் சுடலைராஜ் கல்யாணச் சட்டையோடு சிரித்தார். கலைச்செல்வி ஒரு பாட்டில் கலர் சோடாவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும், தம்பி" என்றாள் வடிவம்மாள். "சாவு எல்லாருக்கும் உள்ளதுதான். எம் புள்ள போறதுக்கு முன்னால நம்ம பேச்சைக் கேட்டானா? இல்ல, பாஷை தெரியாத ஊருல ஊமையாட்டம் போயிட்டானா? அதை நெனச்சா எனக்கு உறக்கமே வர மாட்டேங்கு."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவனுக்குத் திராணி இல்லை.

"பேசினேம்மா" என்றான். "நம்ம ஊருதான்னு சொன்னேன். தண்ணி குடுத்தேன். பங்க் வரைக்கும் கேரியர்ல வச்சுக் கூட்டிட்டுப் போயி இறக்கிவிட்டேன்."

வடிவம்மாளின் முகம் அப்படியே இளகிப்போனது.

"என்னன்னு சொல்லிக் கூப்பிட்டிய? அந்தச் சொல்லை எனக்கு ஒருக்கா சொல்லுங்க தம்பி. நான் கேக்கணும்."

அவளைப் பார்க்க முடியாமல் சல்மான் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏறுங்கண்ணே, போவோம்."

கலைச்செல்வி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சாவு விழுந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்றுகூட இந்தப் பக்கம் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அவனோ செத்தவரின் படத்துக்கு முன்னால் நின்று, வாருங்கள் போவோம் என்று கூப்பிட்டுவிட்டான். அது மேலப்பாளையத்துக்காரனுக்கும் தெரிந்த சங்கதிதான். பொய்யைக் கரைசேர்க்கிற அவசரத்தில் மறந்து தொலைத்தான்.

ஊதுபத்தி வாசம் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் சூடான கல்லின் வாடை, காய்ந்த வியர்வையின் வாடை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு கிறீச்சிட்டது.

கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். "யாரையும் காணலையே" என்று முணுமுணுத்தாள்.

சல்மான் கலரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலுக்கு வந்தவன் முதலில் பார்த்தது பின்டயரை. ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பிதுங்குமோ, அப்படிப் பிதுங்கியிருந்தது. காற்று இறங்கிவிட்டதோ என்று விரலால் அழுத்தினான். கல் மாதிரி இருந்தது. அவன் ஏறி மிதித்தான்.

நல்ல வெயில். இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட வயல். ரோடு சமதளம்தான், ஆனால் சைக்கிள் மேட்டில் ஏறுவதுபோலத் திணறியது. கூடாரமும் அடுப்பும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தை மிதித்தவனுக்கு, இன்று வெறுங்கேரியரோடு மூச்சு வாங்கியது.

வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, சைக்கிளு! பின்னால இருக்கவரு துண்டு தொங்குதுல்லா. சக்கரத்துல சிக்கிரப் போவுது, பைய போ!"

சல்மான் திரும்பவில்லை.

திரும்பினால் என்ன தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

தாமிரபரணிக் காற்று முகத்தில் குளிர்ச்சியாக அடித்தது. முதுகு மட்டும் கொதித்தது, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுபோல. காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு. அதில் ஈரமே இல்லை.

"தம்பி..."

பெடலில் கால் நின்றுவிட்டது.

"நம்ம ஊரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அன்றைக்குச் சொல்லாத வார்த்தை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் துடித்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில்தான் ஒட்டியது, வேண்டுமென்று அல்ல. ஆனால் கேட்டவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? மறுபடியும் அவரைப் பதில் இல்லாமல் உட்கார வைத்துவிட்டோம் என்ற வெட்கம், பயத்தையும் மீறி அவனைச் சுட்டது.

பின்னால் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

சல்மான் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினான். வந்த வழியே, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

வடிவம்மாளும் கலைச்செல்வியும் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்.

"நான் சொன்னது பொய்யிம்மா. ஏத்திக்கல. தண்ணியும் குடுக்கல. தமிழே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பிறகு கலைச்செல்வி கேட்டாள், மெதுவாக.

"அவிய உங்கிட்ட தமிழ்லதான் கேட்டாவளா?"

"ஆமாக்கா."

"நீ அப்ப தமிழ்ல பேசிக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமாக்கா."

காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சல்மான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வடிவம்மாளின் வசவுக்காகக் காத்திருந்தான்.

வசவு வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தான். வடிவம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது, அழுகைக்குள் சிரிப்பும் வந்தது.

"ராசா... இப்படிக் கறுத்துட்டியே" என்றாள். "வீடு வந்துட்டுய்யா. இறங்கு."

கேரியர் முனகியது. டயர் எழவில்லை.

"அம்மா கூப்பிடுதேன்லா. இறங்குய்யா."

அவள் கிட்டே வந்தாள். சல்மானின் இடுப்புப் பக்கம் குனிந்தாள். அடம்பிடிக்கிற பிள்ளையின் கைப்பிடியைப் பிரிப்பதுபோல, வெறும் காற்றில் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும், இடுப்பில் இறுகிக் கிடந்த அவன் சட்டை கொஞ்சம் தளர்ந்தது. கடைசி விரலுக்கு அவள் வருவதற்குள், சட்டை மொத்தமாகச் சுருண்டு மறுபடி இறுகியது. கழுத்துப்பட்டி அவன் தொண்டையை அழுத்தியது.

வடிவம்மாள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"விட மாட்டேங்கான், தம்பி."

பிறகு மறுபடியும் குனிந்து, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.