வெளுத்துப்போன சேனை

சனிக்கிழமை காலை 6.40.

டைம்கீப்பர் கண்ணாடி அலமாரியின் முன் வந்து நின்றார்.

உள்ளே நூற்றிருபது பொம்மை வீரர்கள். கட்டைவிரல் உயரத்தில் கொம்பு முளைத்த பூதங்கள், கோடரி ஏந்திய குள்ளர்கள், நடுவில் சிறகு விரித்த ஒரு டிராகன். நேற்று மாலை வரை சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாக நின்ற கூட்டம், இப்போது சாம்பலில் புரண்டு எழுந்ததுபோல் வெளுத்திருந்தது.

அலமாரி பூட்டியபடியே இருந்தது. அதற்கு ஒரே சாவி. அது அவருடைய சாவிக்கொத்தில்.

பஸ் டிப்போவில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. மேசையில் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்காக அவர் வாங்கிக் குவித்த பொம்மைகள் அறுநூற்றுப் பதினான்கு. மூன்றரை வருடத்தில் வண்ணம் தீட்டி முடித்தவை நூற்றிருபது. ஒரு பூதத்தின் கண்ணுக்குள் கருவிழி வைக்க ஒரு மாலை போகும். கை நடுங்கினால் அடுத்த மாலையும் போகும். மீதிப் பேர் பின்னறையை நிறைத்த அட்டைப்பெட்டிகளில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே அடைந்து கிடந்தார்கள். "எவ்வளவு முடிஞ்சுது?" என்று யாராவது கேட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மறுநாள் அந்த விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. முழுதாக வண்ணம் தீட்டிய நூற்றிருபது பேர் இருந்தால்தான் மேசையில் இடம். மூன்று வருடம் எண்ணிக்கை போதாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர் அவர்.

6.50. கூடத்து சோபாவில் கால் நீட்ட முடியாமல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான் மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். விவாகரத்துக்குப் பிறகு எட்டு மாதமாக அக்கா வீட்டில் இருக்கிறான்.

"எழுந்திருடா! என்னடா பண்ணின?"

"என்ன மாமா?"

"அலமாரியில என்னத்த அடிச்ச? எல்லாம் வெளுத்துக் கிடக்கு!"

"நான் அந்தப் பக்கமே போகல."

"நேத்து சாப்பிடறப்ப என்ன சொன்ன? இந்தப் பொம்மைங்க இல்லாட்டி எனக்கு ஒரு ரூம் கிடைச்சிருக்கும்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். அதுக்கு?"

"உன் பையில ஸ்ப்ரே டப்பா இருக்கு."

"ஏசி மெக்கானிக் பையில ஸ்ப்ரே டப்பா இல்லாம சீப்பும் கண்ணாடியுமா இருக்கும்?"

"பூட்டைத் திறக்கிறது உனக்கு ஒரு வேலையா?"

மச்சான் எழுந்தான். போர்வையை மடித்து வைத்தான். 7.10க்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினான்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த மனைவி, கையைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. உங்க தம்பிக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

9.15. டைம்கீப்பரின் அக்கா வந்தாள். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். வந்தவள் செருப்பைக் கழற்றினாள், காபி வேண்டாம் என்றாள், அலமாரிக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

"யாராவது தொட்டீங்களா?"

"இல்லக்கா. பூட்டு பூட்டினபடியே இருக்கு."

"உள்ள லைட் ஏன் எரியுது?"

"நேத்து சாயந்திரம் போட்டேன். சீக்கிரம் காயட்டும்னு."

"என்ன காயட்டும்? பெயிண்ட்டா?"

"பெயிண்ட் முடிஞ்சு ஒரு வாரமாச்சு. ஈட்டிதான் பாக்கி இருந்துச்சு. முப்பத்துநாலு ஈட்டி. ஒட்டி முடிச்சு ஏழு மணிக்குப் பூட்டினேன்."

"சாவியைக் குடு."

கதவு எளிதில் வரவில்லை. அவள் அழுத்தி இழுத்ததும் 'பளக்' என்று உறிஞ்சி விட்டதுபோல் திறந்தது. ஒரு நெடி முகத்தில் அறைந்தது. மூவருக்கும் கண் எரிந்தது. கீழ்த்தட்டின் மூலையில், பிரஷ் கழுவிய நீல நிறத் தண்ணீர் பாதி டம்ளர் இருந்தது.

அக்கா கதவு விளிம்பைத் தொடாமல் பார்த்தாள். சுற்றிலும் கறுப்பு ரப்பர்.

"இதை யார் போட்டது?"

"அவன்தான். போன ஞாயித்துக்கிழமை. தூசி உள்ள போகுதுன்னு நான் புலம்பிட்டே இருந்தேன். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை வெட்டி ஒட்டினான்."

"கடைசி வரிசையில நிக்கிற குள்ளனை இடுக்கியால எடு. முதுகைக் காட்டு."

காட்டினார். முதுகும் முகத்தைப் போலவே வெளுத்திருந்தது. அடிப்பாகம் மட்டும் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

அக்கா கைவிளக்கை எடுத்துக் கண்ணாடியின் உட்பக்கத்தில் சாய்த்து அடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தம்பியின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள்.

10.05. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆள் கிடைச்சாச்சு. நீதான்."

"என்னக்கா விளையாடறியா?"

"ஸ்ப்ரே அடிச்சிருந்தா முன்னாடி வெளுக்கும், முதுகு தப்பிச்சிருக்கும். சுவத்தை ஒட்டி நிக்கிறவன் முதுகிலயும் படிஞ்சிருக்குன்னா, இது காத்துல பரவின புகை. ஈட்டியை எதுல ஒட்டின?"

"சூப்பர் குளூல. ரெண்டு ட்யூப்."

"அந்தப் பசையில இருந்து வர்ற ஆவி, மூடின இடத்துல, சூடும் ஈரமும் சேர்ந்தா வெள்ளையாப் படியும். சூட்டுக்கு உன் லைட். ஈரத்துக்கு அந்த டம்ளர். ஆவி வெளிய போகாம இருக்க ரப்பர். எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒரு பெட்டி வச்சிருக்கோம். கைரேகை தெரியாத பொருளை உள்ள வச்சுப் பசையைச் சூடாக்குவோம். விரல் பட்ட இடத்துல ரேகை வெள்ளையா எழும்பி வரும். அதே பெட்டியை நீ வீட்டுலயே செஞ்சு வச்சிருக்க."

டைம்கீப்பர் அலமாரி விளக்கை அணைத்தார். டம்ளரை வெளியே எடுத்தார்.

"கண்ணாடிக்கு உள்பக்கம் வந்து பாரு. இதெல்லாம் உன் ரேகை. டிராகன் வால்ல இருக்கிறதும் உன்னுது. உள்ள வேற யார் கையும் படல. கதவோரத்துல மட்டும் ஒரு அகலமான கட்டைவிரல். குறுக்க ஒரு வெட்டுத் தழும்பு."

"அது என் தம்பி விரல்," என்றாள் மனைவி. "கம்ப்ரஸர் கிழிச்ச தழும்பு."

"நாலு பக்கமும் இருக்கு. விரற்கடைக்கு ஒண்ணுன்னு ரப்பரை அழுத்தி அழுத்தி ஒட்டியிருக்கான். ஏனோதானோன்னு செஞ்சவன் இப்படிச் செய்யமாட்டான்." அக்கா எழுந்தாள். "நீ பூட்டைப் பார்த்த, சாவியைப் பார்த்த. வெளியில இருந்து ஒருத்தன் வந்தான்னே முடிவு பண்ணிட்ட. பூட்டும்போது உள்ள என்ன இருந்துச்சுன்னு யோசிக்கல."

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இதை அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சாப்பிடலாம்."

11.30. மெக்கானிக் பட்டறை. பிரித்துப்போட்ட ஏசிக்கு முன்னால் மச்சான் குந்தியிருந்தான். டைம்கீப்பர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் காது சிவந்தது.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

"போட்டி நாளைக்குத்தானே?"

"அது போச்சு. விடு."

"ஒண்ணாவது கொண்டுவந்திருக்கீங்களா?"

அவர் சட்டைப்பையில் ஒரு பூதம் இருந்தது. ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியாது. மச்சான் அதை வெளிச்சத்தில் திருப்பினான். மெஷின் ஆயிலைத் துணியில் ஒரு சொட்டு தொட்டு, தோள்பட்டையில் லேசாகத் தேய்த்தான். வெள்ளை மங்கியது. அடியிலிருந்து சிவப்பு வந்தது.

"அழுத்தாதீங்க. பெயிண்ட் உரிஞ்சுடும். ஒரு ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் வரும்."

டைம்கீப்பர் மனக்கணக்குப் போட்டார். ஒருவராகச் செய்தால் முப்பது மணி நேரம். போட்டிக்கு இருபத்திரண்டு மணி நேரம்கூட இல்லை.

"வீட்டுக்கு வா. பெட்டியெல்லாம் மாடிப்படி அடியில தள்ளிடறேன். அந்த ரூம் உனக்கு."

மச்சான் ஸ்பேனரை எடுத்தான். "இன்னிக்கு வரமாட்டேன் மாமா. வந்தா ஏதாவது பேசிடுவேன். புதன்கிழமை வர்றேன்."

"சரி."

"அதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க. நிஜமாவே."

அன்று மாலை டைம்கீப்பர் சங்கத்துக்குப் போன் செய்து போட்டியிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். பிறகு முதல் அட்டைப்பெட்டியைத் தூக்கினார். நினைத்ததைவிடக் கனத்தது.